காதுச்சீழும் செக்றோலும்: தும்பறைப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு நோக்கு

நோய்களின் வரலாற்றை எழுதுவோர் கொள்ளைநோய்களுக்கே முதலிடம் கொடுப்பது வழக்கம். வாந்திபேதியும் அம்மையும் அரச அறிக்கைகளிலே நிரையாக இடம்பெறுகின்றன. உயிரைப் பறிக்காது, ஆளை முற்றாகப் படுக்கையிலும் வீழ்த்தாது, ஆண்டுக்கணக்கில் வருத்தும் நோய்கள் அவற்றில் அரிதாகவே தென்படும். புறச்செவிக் குழாயில் உண்டாகும் அழற்சி அத்தகையதொன்று. எது நோயாகப் பதிவாகிறது என்பதை உழைப்பை வாங்குவோனின் தேவையே பெரிதும் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையாளனின் கருத்து.

கண்டிக்குக் கிழக்கே, மகாவலியை அண்டிய தும்பறைப் பள்ளத்தாக்கிலே உள்ளது குண்டசாலை. 1707 முதல் 1739 வரை ஆட்சிபுரிந்த ஸ்ரீ வீர நரேந்திரசிங்கன் இங்கு மாளிகை அமைத்து வாழ்ந்தான். மதுரையிலிருந்து அரசியரைப் பெற்றான். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் அதே தென்தமிழகத்திலிருந்து இப்பள்ளத்தாக்கிற்கு வந்தோர் கோப்பித் தோட்டக் கூலிகள். அரசியரின் வருகை வரலாற்று நூல்களில் ஏறியது. கூலிகளின் பெயர்கள் செக்றோலில் மாத்திரம் ஏறின.

தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென 1872ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1912இல் 9ஆம், 10ஆம் இலக்கச் சட்டங்கள் தொடர்ந்தன. 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதியிலே கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். இரத்தச்சோகையுற்றவன் முழுநாள் வேலை செய்யான் என்பது தோட்டத்துரைமாருக்கு விளங்கிய கணக்கு. காதிலே சீழ் வடிபவளோ கொழுந்து பறித்துக்கொண்டேயிருப்பாள்.

இந்நோயின் இயல்பைச் சிறிது நோக்குதல் தகும். காதுக் குறும்பி இயல்பிலேயே சிறிது அமிலத்தன்மையுடையது. குழாயின் தோலுக்குக் காப்பானது. ஆற்றிலோ பீலியடியிலோ குளித்தபின் ஈரம் தங்கினாலும், ஊக்கு, ஈர்க்கு, கோழியிறகு முதலியவற்றாற் குடைந்தாலும் அக்காப்பு அழியும். சூடோமோனாஸ், ஸ்ரபைலோகொக்கஸ் ஆகிய பற்றீரியங்கள் உட்புகும். சிலவேளை அஸ்பேர்ஜிலஸ் என்னும் பூஞ்சணம் கரும்புள்ளிகளுடன் படரும். காதுமடலை இழுத்தால் வலி மிகும். நடுச்செவி நோயிலிருந்து இதனை வேறுபடுத்தும் குறிகளுள் அஃதொன்று. சிகிச்சையின் முதற்படி துப்புரவாக்கி உலர்த்துதல். அதன் பின்னரே சொட்டு மருந்து. குழாய் வீங்கி அடைபட்டிருப்பின் மருந்தில் தோய்த்த திரி வைக்கப்படும்.

பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெயை விடுவது லயங்களிலே கண்ட வைத்தியம். செவிப்பறை துளைபட்டிருந்தால் அது தீங்கே விளைக்கும். எனினும் அதனை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. அவ்வீட்டாருக்கு வேறென்ன எட்டியது என்று வினவுவதே வரலாற்று மாணவனின் கடமை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவரது 'இரண வைத்தியம்' 1867இல் வெளியாயிற்று. ஆக, அக்காலத்திலேயே அறுவைச் சிகிச்சையைத் தமிழிற் கூற முடிந்தது. ஆனால் மானிப்பாய் மாணவனுக்குக் கிட்டிய அத்தமிழ் லயத்துத் தமிழனுக்குக் கிட்டவில்லை. மொழி ஒன்றாயிருந்தும் வர்க்கம் வேறாயிருந்தது. நமது கலைச்சொல் வரலாறுகள் இவ்விடத்தைப் பேசாது கடந்துவிடுகின்றன.

பேராதனையில் 1962இல் மருத்துவபீடம் தோன்றியது. தும்பறையின் நோயாளருக்கு நிபுணர் இன்று தொலைவில் இல்லை. நோயின் முகமும் மாறியிருக்கிறது. நீரிழிவுற்ற முதியோரில் இவ்வழற்சி மண்டையோட்டின் அடி என்புவரை பரவி உயிருக்கே கேடாகலாமென்பதை 1968இல் சாண்ட்லர் விரித்துரைத்தார். இரவிலே உறங்கவிடாத காதுவலியுடன் வரும் நீரிழிவு நோயாளியை வெறுஞ் சொட்டு மருந்துடன் அனுப்புதல் ஆகாது. வாரக்கணக்கில் நுண்ணுயிர்க்கொல்லி வேண்டும்.

சாதாரண அழற்சியோ சில நாட்களில் ஆறக்கூடியது. ஆனால் சீழ் நிறைந்த காதைச் சிலநாள் இடைவெளியில் மீண்டும் மீண்டும் துப்புரவாக்க நேரிடும். தோட்டத்திலே ஒருநாட் கூலியைப் 'பேர்' என்பர். மூன்று முறை கிளினிக்கிற்கு வருவதாயின் மூன்று பேர் போய்விடும்.