வெயில் தேடிப் போனவர்களும் வீடு கொடுத்தவர்களும்

நவம்பர் மாத இறுதியில் லண்டனில் மாலை நான்கு மணிக்கே இருள் கவிந்துவிடும். அந்நாட்களில் அங்கு வெளியாகும் பத்திரிகைகளைப் புரட்டுபவர் ஒரு வகை விளம்பரத்தைத் தவறாது காண்பார். நான்கு மணி நேர விமானப் பயணத்தில் வெயில் கிடைக்கும் என்பதே அதன் சாரம். அங்கு குடியேறிவிட்ட எமது உறவினர் வீடுகளிலும் இப்பேச்சு அடிபடுவதை நான் கேட்டிருக்கிறேன். ஊருக்கு வருவதென்றால் மூன்று கிழமையாவது வேண்டும். கையில் இருப்பதோ ஒரு கிழமை விடுமுறை. ஆகவே மோல்ற்றாவா, மடெய்ராவா, கனாரித் தீவுகளா என்று விவாதிப்பார்கள். பங்குனி வெயிலுக்கு வேப்பமர நிழலில் ஒதுங்கி வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். வெயிலை விலை கொடுத்து வாங்கும் இப்பழக்கத்தின் வேர் எங்கே என்று தேடிப் பார்த்தபோது, அது உல்லாசத்தில் அல்ல, மரண பயத்தில் தொடங்கியது என்பதை அறிந்தேன்.

இங்கு ஒரு முரணையும் குறிப்பிட வேண்டும். இலங்கையை ஆண்ட ஆங்கிலேயர் உடல் தேற வேண்டுமென்று குளிரைத் தேடி மலையேறினர். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களின் இறுதியில் நுவரெலியாவை ஆரோக்கிய வாசத்தலமாக்கியது அதற்காகவே. அதே காலத்தில் இங்கிலாந்திலிருந்த அவர்களது இனத்தவர் உடல் தேற வேண்டுமென்று வெயிலைத் தேடித் தெற்கே சென்றுகொண்டிருந்தனர்.

தெற்கே செல்லும்படி சொன்னவர்கள் வைத்தியர்கள். சயரோகம் எனப்படும் காசநோய்க்கு அன்று மருந்தில்லை. குளிரும் ஈரமும் நுரையீரலைக் கெடுக்கின்றன, உலர்ந்த இளஞ்சூடான காற்று அதனைத் தேற்றும் என்பது வைத்திய உலகின் நம்பிக்கை. நாவலாசிரியரும் வைத்தியருமான ரொபயஸ் ஸ்மொலெற், உடல்நலம் குன்றிய நிலையில் 1763இல் நீஸ் நகருக்குச் சென்று ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு தங்கினார். அங்கிருந்த நாட்களின் காலநிலையைக் குறித்து வைத்து, 1766இல் வெளிவந்த தமது பயண நூலில் அப்பட்டியலையும் சேர்த்தார். இன்று கைத்தொலைபேசியில் பத்து நாள் வானிலையைப் பார்த்துவிட்டுப் பயணச் சீட்டு எடுப்பவர்களின் முன்னோடி அவரே எனலாம்.

அவரைத் தொடர்ந்து சென்றவர்களில் பலர் திரும்பவில்லை. கவிஞர் கீற்ஸ் வைத்தியர்களின் சொற்படி ரோமுக்குச் சென்று 1821 பெப்ரவரியில் தமது 25ஆவது வயதில் இறந்தார். இங்கிலாந்தின் பிரிக்ஸம் என்ற மீன்பிடி ஊரில் போதகராயிருந்த ஹென்றி பிரான்சிஸ் லைற் 1847 நவம்பரில் நீஸ் நகரில் காலமானார். யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களில் நல்லடக்க ஆராதனைகளில் தமிழிலும் பாடப்படும் ‘அபைட் வித் மீ’ என்ற கீதத்தை இயற்றியவர் இவர்தான். ரஷ்யப் பேரரசின் முடிக்குரிய இளவரசர் நிக்கொலஸும் 1865இல் இதே நகரில் மாண்டார். நீஸ் கடற்கரையில் இன்றும் ‘ஆங்கிலேயரின் உலாப்பாதை’ என்ற பெயரில் விளங்கும் வீதி, 1820களின் தொடக்கத்தில் அங்கு குளிர்காலத்தைக் கழித்த ஆங்கிலேயர் நன்கொடை திரட்டி, வேலையற்றிருந்த ஏழைகளைக் கொண்டு அமைப்பித்தது. அப்பாதையில் முதலில் நடை பயின்றவர்களில் எத்தனையோ பேர் இருமிக்கொண்டே நடந்திருப்பர்.

இவ்வரலாற்றில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது மயோர்க்காத் தீவில் நடந்த சம்பவமாகும். பிரெஞ்சு எழுத்தாளர் ஜோர்ஜ் சாண்ட் (ஆண் பெயரில் எழுதிய பெண்மணி) தமது இரு பிள்ளைகளுடனும் இசைமேதை ஷொப்பினுடனும் 1838 நவம்பரில் அத்தீவை அடைந்தார். வெயிலே அவர்கள் நாடியது. முதல் நாட்கள் இனிமையாகவே கழிந்தன. பின்னர் மழை தொடங்கியது. மத்தியதரைக் கடற்பகுதியில் மழை பெய்வது குளிர்காலத்திலேதான் என்ற பாடப்புத்தக உண்மையை அவர்கள் நனைந்தே கற்றனர். வாடகை வீட்டின் மெல்லிய சுவர்கள் ஈரத்தை உறிஞ்சின. ஷொப்பின் இருமத் தொடங்கினார். வைத்தியர்கள் வந்து பார்த்தனர். அவருக்குச் சயரோகம் என்ற செய்தி ஊரெங்கும் பரவியது.

வீட்டுக்காரர் உடனே வெளியேறும்படி கூறினார். அதுமட்டுமன்றி, வீட்டுக்கு மீண்டும் வெள்ளையடிக்கும் செலவையும், நோயாளி படுத்த கட்டிலின் விலையையும் கேட்டார். அக்கட்டில் எரிக்கப்பட வேண்டியதாயிற்று. அவர்கள் வல்டெமோசா மலைக்கிராமத்தில் துறவிகள் வெளியேற்றப்பட்டு வெறுமையாய்க் கிடந்த மடமொன்றில் தஞ்சமடைந்தனர். அங்கேதான் ஷொப்பின் தமது புகழ்பெற்ற பிரெலூட் இசைத்தொகுதியைப் பூர்த்தி செய்தார். 1839 பெப்ரவரியில் தீவைவிட்டு வெளியேறியபோது, பன்றிகளை ஏற்றிச் செல்லும் கப்பலிலேயே அந்த நோயாளி பயணம் செய்தார்.

ஜோர்ஜ் சாண்ட் இதனை மறக்கவில்லை. ‘மயோர்க்காவில் ஒரு குளிர்காலம்’ என்ற நூலில் தீவு மக்களை அறிவிலிகளாகவும் ஈவிரக்கமற்றவர்களாகவும் சித்திரித்தார். படித்த ஐரோப்பா அவர் பக்கமே நின்றது. பாரிஸ், லண்டன் வைத்தியர்களில் பெரும்பாலோர் காசநோய் தொற்றுநோயன்று, அது பரம்பரையாலும் உடல்வாகினாலும் வருவது என்று போதித்த காலம் அது. தென்னாட்டவரோ அதைத் தொற்றுநோயாகவே கருதினர். ஸ்பெயினில் 1751ஆம் ஆண்டிலேயே, காசநோயாளர் பற்றி அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும், அவர்களது உடைமைகளை எரிக்க வேண்டும் என்று ஆறாவது பெர்டினண்ட் மன்னர் கட்டளையிட்டிருந்தார். ரோமில் கீற்ஸ் இறந்த அறையின் தளபாடங்களும் இத்தகைய விதியின்படியே எரிக்கப்பட்டன.

1882 மார்ச்சில் ரொபர்ட் கொக் பேர்லினில் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். நோய் தொற்றக்கூடியதே என்பது அத்துடன் நிரூபணமாயிற்று. மயோர்க்காவின் வீட்டுக்காரர் சரியாகவே நடந்துகொண்டார் என்று எந்தப் பத்திரிகையும் அன்று தலையங்கம் எழுதியதாக நான் அறியேன். எமது கிராமங்களிலும் சயரோகியின் கோப்பையும் தட்டும் தனியாக ஒதுக்கப்பட்டிருந்ததை என் வயதினர் அறிவர். அதில் கொடுமையும் இருந்தது, காரணமும் இருந்தது.

இவ்விரு காலங்களுக்கும் இடையில் எழுந்த ஊர்தான் மென்ரோன். பிரான்சின் தென்கிழக்கு மூலையில், எலுமிச்சைத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். ஹென்றி பெனெற் என்ற ஆங்கில வைத்தியர் நுரையீரல் நோயுடன், இறப்பதற்கென்றே 1859இல் அங்கு சென்றார். இறக்கவில்லை. தேறியெழுந்து அவ்வூரின் குளிர்காலக் காலநிலை பற்றி 1861இல் நூல் எழுதினார். அதன்பின் ஹொட்டேல்களும் மாளிகைகளும் முளைத்தன. நோயாளர் வந்து குவிந்தனர். மென்ரோனின் மலைமேலுள்ள மயானத்தில் ஆங்கில, ரஷ்ய, ஜெர்மானியப் பெயர்கள் பொறித்த கல்லறைகளைக் காணலாம். 1898இல் தமது 25ஆவது வயதில் மறைந்த ஓவியர் ஓப்ரி பியர்ட்ஸ்லியின் கல்லறையும் அவ்வூரிலேயே உள்ளது.

எழுத்தாளர் ரொபர்ட் லூயி ஸ்டீவன்சனும் 1873இல் வைத்தியர் கட்டளைப்படி மென்ரோனுக்கு அனுப்பப்பட்டவரே. ஏழு ஆண்டுகளின் பின் 1880இல் அதே மனிதரைச் சுவிற்சர்லாந்தின் டாவோஸ் மலையில் பனிக்கு நடுவே குளிர்காலத்தைக் கழிக்கும்படி வைத்தியர்கள் அனுப்பினர். வைத்தியம் வெயிலிலிருந்து பனிக்கு மாறியிருந்தது. அவர் இறுதியில் 1894இல் சமோவாத் தீவில் மூளை இரத்தக்கசிவினால் இறந்தார்.

கொக்கின் கண்டுபிடிப்புக்குப் பின்னர் ஹொட்டேல்காரர்கள் இருமுபவர்களை மெல்ல ஒதுக்கலாயினர். அவ்விடத்தைப் பிடித்தவர்கள் நோயற்ற செல்வந்தர். விக்ரோறியா மகாராணி 1895 முதல் 1899 வரை ஆண்டுதோறும் நீஸ் நகருக்குச் சென்று தங்கினார். இதற்குமேல் அரச குடும்பங்களின் கதையை நீட்டிப்பதில் பயனில்லை; பிரெஞ்சுக் கரையோரம் பற்றிய நூல்களில் அது நிரம்பக் கிடக்கிறது.

குறுந்தூரம் என்ற சொல்லின் பொருள் வாகனத்தின் வேகத்தைப் பொறுத்தது. குதிரை வண்டிக் காலத்தில் கலே துறைமுகத்திலிருந்து நீஸ் செல்ல இரண்டு கிழமைக்கு மேலாகும். அதனாலேயே அங்கு சென்றவர்கள் குளிர்காலம் முழுவதும் தங்கினர். 1864இல் புகையிரதம் நீஸை எட்டியபோது அத்தூரம் இரண்டு நாளுக்குள் சுருங்கியது. நீஸ் அமைந்திருப்பது 43 பாகை வடக்கில். வடகாற்றை மலைகள் தடுப்பதால் அது இதமாயிருக்கிறதே தவிர, அங்கு ஜனவரிப் பகல் வெப்பம் சராசரியாக 13 பாகை செல்சியஸ் அளவிலேயே இருக்கும். நுவரெலியாவில் இதைக் குளிர் என்போம். லண்டன்வாசிக்கு அன்று அதுவே சொர்க்கமாயிருந்தது. விமானம் வந்தபின் வெயிலின் எல்லை மேலும் தெற்கே நகர்ந்தது.

விளாடிமிர் ரைற்ஸ் என்பவர், ஒருகாலத்தில் றொய்ட்டர் செய்தி நிறுவனத்தில் பணியாற்றியவர், 1950இல் கோர்சிக்காத் தீவுக்கு வாடகை விமானத்தில் ஆட்களை அழைத்துச் சென்றார். விமானம், கூடாரத்தில் தங்குமிடம், உணவு அனைத்துக்கும் 32 பவுண் 10 ஷில்லிங். அது கோடைப் பயணம். எனினும் தொழிற்சாலைத் தொழிலாளியும் ஆசிரியரும் தெற்கே பறக்கலாம் என்பதை அது காட்டியது. குளிர்கால விமானப் பயணத்தில் முந்திக்கொண்டவர்கள் சுவீடன் நாட்டவர். 1957 டிசம்பரில் அவர்களது வாடகை விமானம் கிரான் கனாரியாவில் இறங்கியது. ஆபிரிக்கக் கரைக்கு அருகே, 28 பாகை வடக்கில், ஏறத்தாழ டில்லியின் அகலக்கோட்டில் உள்ள தீவு அது. நிலக்கரி ஏற்றும் துறையாகவும் வாழைப்பழத் தோட்டமாகவும் ஆங்கிலக் கப்பல்களுக்கு நெடுங்காலம் பயன்பட்ட தீவுக்கூட்டம் இவ்வாறாக வட ஐரோப்பாவின் குளிர்கால முற்றமாயிற்று.

இத்தீவுகளின் பெயரை உலகம் முழுவதும் அறிந்தது ஒரு துயரத்தினாலாகும். 1977 மார்ச் 27ஆம் திகதி பிரிவினைவாத இயக்கமொன்று லாஸ் பல்மாஸ் விமான நிலையத்தில் வைத்த குண்டு வெடித்தது. அதனால் திசைதிருப்பப்பட்ட விமானங்கள் அயல்தீவான ரெனரிஃபின் சிறிய ஓடுபாதையில் நெருங்கி நின்றன. மூடுபனிக்குள் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். விடுமுறைக்குப் புறப்பட்ட ஒல்லாந்துக் குடும்பங்களும் உல்லாசக் கப்பலில் ஏறவிருந்த அமெரிக்க முதியோரும் அவர்களில் பெரும்பாலோர். அன்றிரவு செய்தி மேசையில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனதைப் பார்த்திருந்த எவரும் அதை மறக்கமாட்டார்கள். மறு ஆண்டு தீவின் வெயில் மிகுந்த தென்பகுதியில் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டது. அதைச் சுற்றியே இன்றைய விடுதி நகரங்கள் வளர்ந்தன.

வரலாற்றை விடுத்து எங்கே போகலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஜனவரியில் மோல்ற்றாவிலும் ஸ்பெயினின் பெனிடோர்மிலும் பகல் வெப்பம் 16 பாகையளவில் இருக்கும். நடப்பதற்கு நன்று, கடலில் குளிப்பதற்கன்று. மோல்ற்றாவில் மழைக்கும் ஆயத்தமாயிருக்க வேண்டும். வெயிலே வேண்டுமென்றால் ரெனரிஃபின் தென்கரை; அங்கு பகல் வெப்பம் சராசரியாக 21 பாகைக்கு மேல் இருக்கும். அதே தீவின் வடகரைக்குச் சென்றால் மேகமூட்டத்தையும் சேர்த்தே பார்க்க நேரும்.

அங்கு செல்வோர் வீட்டுக்காரரின் கதையையும் அறிந்து செல்வது நல்லது. கனாரித் தீவுகளின் சனத்தொகை சுமார் 22 இலட்சம். 2024இல் அங்கு சென்ற வெளிநாட்டவர் சுமார் ஒன்றரைக் கோடி. அவ்வாண்டு ஏப்ரல் 20ஆம் திகதி ‘கனாரித் தீவுகளுக்கு ஓர் எல்லை உண்டு’ என்ற கோஷத்துடன் பல்லாயிரக்கணக்கானோர் வீதிக்கு இறங்கினர். வந்தவர்களை வெளியேறச் சொல்லவில்லை. வீடுகள் விடுமுறை வாடகைக்குப் போய்விட, உள்ளூரவருக்குக் குடியிருக்க இடமில்லை, குடிக்க நீர் போதவில்லை என்றனர். அதற்கு முன்னரே, ரெனரிஃபின் லா லகுனா நகரில் தேவாலயத்துக்கு அருகே சிலர் உண்ணாவிரதம் தொடங்கியிருந்தனர். தென்கரையில் எழுப்பப்படவிருந்த இரண்டு விடுதித் திட்டங்களை நிறுத்த வேண்டும் என்பது அவர்களது கோரிக்கை. விடுதிகளில் பகலெல்லாம் கட்டில் விரிப்பவர்களில் சிலர் இரவில் தமது வாகனங்களுக்குள் உறங்குவதாக அந்நாட்களில் செய்திகள் வந்தன.