பதிவுக்கருவியும் பதிவாளர் குரலும்: ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப்பின் இசைப்பணி

கல்வெட்டும் ஓலையும் பத்திரமும் வரலாற்றுக்குச் சான்றாகின்றன. ஒலியோ எழுந்த கணத்திலேயே மறைவது. ஒலிப்பதிவுக் கருவி வந்தபின் அதுவும் சான்றாயிற்று. ஆயினும், பதிவில் எதை நிறுத்துவது, எதை நீக்குவது என்பதை முடிவு செய்பவர் யார் என்னும் வினா எஞ்சியது. மின்னணுக் கருவிகளால் இயற்கை ஒலிகளை இசையாக்கும் ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப்பின் பணி இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகிறது.

ஜெர்மனியின் ஓஸ்னாப்ருக் நகரில் 1946இல் பிறந்த இவர், 1968இல் கனடாவில் குடியேறி, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இசை பயின்றார். 1970களின் முற்பகுதியில், சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் மரே ஷேஃபர் தொடங்கிய உலக ஒலிச்சூழல் ஆய்வுத் திட்டத்தில் இணைந்தார். ஊர்களின் ஒலிகளைப் பதிந்து ஆவணப்படுத்துவதும், பெருகிவரும் இரைச்சலை ஆராய்வதும் அத்திட்டத்தின் பணிகளாயிருந்தன. செவிமடுத்தலையே நோக்கமாகக் கொண்டு நடக்கும் 'ஒலிநடை'யை வளர்த்தெடுத்த வெஸ்டர்காம்ப், 1970களின் இறுதியில் வான்கூவர் கூட்டுறவு வானொலியின் வழி அதனை நேயர்களிடம் கொண்டு சென்றார்.

1989இல் உருவான 'கிட்ஸ் பீச் சவுண்ட்வாக்' இவரது அணுகுமுறைக்குச் சிறந்த சான்று. வான்கூவர்க் கடற்கரைப் பாறைகளில் ஒட்டிவாழும் கொட்டலசுகளின் நுண்ணொலியைப் பதிய முயல்கையில், பின்னணியில் நகரின் இரைச்சல் மேலோங்குகிறது. அவ்விரைச்சலை ஒலிக்கூடத்தில் வடிகட்டி நீக்க முடியும் என்பதைக் கேட்போரிடம் அவரே சொல்லி, செய்தும் காட்டுகிறார். திருத்தம் நிகழும் கணம் படைப்பினுள்ளேயே வெளிப்படையாகிறது. வழக்கமாக மறைந்து நிற்கும் பதிவாளர் இங்கே தம் குரலோடு முன்வருகிறார். எந்தப் பதிவும் முழு உண்மையன்று, ஒருவரது தேர்வே என்பதைக் கேட்போர் உணர்கின்றனர்.

1997இல் புதுதில்லி ஒலிகளைக் கொண்டு அவர் மற்றொரு படைப்பை இயற்றினார். ஓர் ஊரின் ஒலியை வெளியூரார் எவ்வுரிமையோடு கையாளலாம் என்னும் வினா அங்கு மேலும் கூர்மை பெறுகிறது. தம் இருப்பை மறைக்காமையே அதற்குரிய முதல் நேர்மை என்று கிட்ஸ் பீச் படைப்பைக் கொண்டு கூறலாம்.

புலம்பெயர் நாடுகளில் முதியோரின் பேச்சையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிந்து காப்போர்க்கு இது பொருந்தும். இடமும் நாளும் குறிப்பதோடு, பதிந்தவர் யார், நீக்கப்பட்டது எது என்பதையும் பதிவோடு சேர்த்து வைத்தல் வேண்டும். அக்குறிப்பில்லாத பதிவை, பின்வரும் தலைமுறை சான்றாகக் கொள்வது அரிது.