விளம்பரக் கலையும் பல்கலைக் கழகமும்

புது தில்லியில் மந்திர் மார்க் என வழங்கும் சாலைக்கு முன்னாளில் ரீடிங் ரோடு என்று பெயர். 1939-இல் காந்தியடிகள் திறந்து வைத்த லட்சுமி நாராயணர் ஆலயம் இச்சாலையில்தான் அமைந்துள்ளது. தில்லித் தமிழர்களுக்கோ இது மற்றொரு காரணத்தாலும் உரிமை உடைய சாலை. 1923-இல் தோன்றி, இன்று ஏழு பள்ளிகளை நடத்திவரும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியொன்று இங்கு இருக்கிறது.

சர்க்கார் உத்தியோகத்தை நாடித் தலைநகருக்கு வந்த நம் முன்னோருக்குச் சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கணக்குமே சோறு போட்ட கல்வி. அவர்களுடைய பேரப் பிள்ளைகள் இன்று பன்னிரண்டாம் வகுப்பிலேயே மார்க்கெட்டிங் என்னும் சந்தைக் கலையைப் பாடமாகப் படிக்கின்றனர். பல்கலைக் கழகத்திலும் அதனைத் தொடர விரும்புகின்றனர். “சரக்கு விற்பதற்கும் ஒரு பட்டமா?” என்று வீட்டுப் பெரியவர்கள் வினவுகின்றனர். நியாயமான வினாவே. அதற்கு வரலாற்றில் விடை உண்டு.

பட்டமின்றியே இக்கலையில் சிறந்தவர்கள் நம்மிடையே இருந்திருக்கின்றனர். திருத்துறைப்பூண்டியில் பிறந்த எஸ். எஸ். வாசன், சென்னையில் பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரித்துத் தரும் தொழிலில் பழகியவர். 1928-இல் ‘ஆனந்த விகட’னை வாங்கினார். 1948-இல் ‘சந்திரலேகா’ படத்தைத் தமிழிலும், அதே ஆண்டின் இறுதியில் இந்தியிலும் வெளியிட்டபோது, அவர் செய்த விளம்பரம் வடநாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. அவருக்குக் கலாசாலை கடைத்தெருவே.

ஆயினும் அனுபவம் பெற்றவரோடு மறையும் அறிவைப் பலருக்கும் உரியதாக்குவது பல்கலைக் கழகத்தின் பணி. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக் கழகம் 1902-இல் சந்தைப் பொருளாதாரத்தைத் தனிப் பாடமாகத் தொடங்கியது. அதற்கு மறு ஆண்டு, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக் கழகப் பேராசிரியர் வால்டர் டில் ஸ்காட் விளம்பரத்தை உளவியல் நோக்கில் ஆராய்ந்து நூல் வெளியிட்டார். பொருளை எவ்வாறு புகழ்வது என்பதைக் காட்டிலும், வாங்குவோர் மனம் எவ்வாறு இயங்குகிறது என்பதே ஆராய்ச்சிக்குரிய பொருளாயிற்று.

நம் நாட்டில் பம்பாயின் சிடன்ஹாம் வணிகக் கல்லூரி 1913-இல் ஏற்பட்டது. தில்லியில் லாலா ஸ்ரீராம் முயற்சியால் 1926-இல் வணிகக் கல்லூரி தோன்றியது. ஸ்ரீராம் கல்லூரி என்று இன்று புகழ் பெற்றிருப்பது அதுவே. தில்லிப் பல்கலைக் கழகத்தின் நிர்வாகவியல் துறை 1954-இல் பிறந்தது. கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் 1961-இல் நிர்வாகவியல் கழகங்கள் நிறுவப்பட்டன. 1965-இல் தில்லியில் தொடங்கிய இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம், பிற்காலத்தில் விளம்பரத்துக்கெனவே பட்டயப் படிப்பையும் ஏற்படுத்தியது.

இக்கல்வியில் நம் பிள்ளைகளுக்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டுக்காக இந்தியில் ‘ஹம் தோ, ஹமாரே தோ’ என்றும், தமிழில் ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்றும் வழங்கிய வாசகத்தை அறியாதார் இலர். இந்தியின் ‘ஹம்’ என்ற ஒரே சொல்லுக்குத் தமிழில் ‘நாம்’, ‘நாங்கள்’ என இரண்டு உண்டு. ‘நாங்கள் இருவர்’ என்றிருந்தால், அது அண்டை வீட்டாருக்குக் கூறும் செய்தியாகியிருக்கும். ‘நாம்’ என்றதனால் கணவனும் மனைவியும் தமக்குள் பேசி எடுத்த முடிவாக ஒலிக்கிறது. இந்த நுட்பம் அகராதியில் கிடைப்பதன்று. இரு மொழிகளையும் வீட்டிலும் வீதியிலும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இஃது இயல்பாகவே விளங்கும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதன் அருமை தெரியும்.

சொல்லின் ஆற்றல் பெரிதாதலின் பொறுப்பும் பெரிது. இதே மந்திர் மார்க்கிலுள்ள வால்மீகி ஆலயத்தில் 1946-லும் 1947-லும் தங்கியிருந்த காந்தியடிகள், தென்னாப்பிரிக்காவில் தாம் நடத்திய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் விளம்பரங்களை நாளடைவில் அறவே நீக்கிவிட்டவர். வருவாயை இழந்தாலும் இதழின் சுதந்திரம் நிலைக்க வேண்டுமென்பது அவர் கருத்து. எல்லோரும் அவ்வளவு தூரம் செல்ல இயலாது. ஆகவே சட்டம் வரம்பு வகுத்தது. 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2019-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம், மக்களை மயக்கும் பொய் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் அதையே செய்தால் ஐம்பது லட்சம் வரையிலும் தண்டம் விதிக்க இடமளிக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்திட்டத்தில் சந்தைக் கலைக்கு அடுத்து நுகர்வோர் பாதுகாப்பு வைக்கப்பட்டிருப்பது மிகப் பொருத்தம்.

கடைத்தெரு விற்கக் கற்பிக்கும். எதைச் சொல்லி விற்கலாகாது என்பதையும் சேர்த்துக் கற்பிப்பதே பல்கலைக் கழகம். இத்துறையை விரும்பும் பிள்ளையைப் பெற்றோர் தடுக்க வேண்டுவதில்லை. இந்தியும் ஆங்கிலமும் கற்கும் அவசரத்தில் தமிழைக் கைவிடாதிருக்கும்படி மட்டும் வற்புறுத்தினால் போதும். வீட்டில் பேசும் அத்தமிழே நாளை அப்பிள்ளைக்குத் தொழில் முதலாகவும் அமையலாம்.