கண்டி அரசும் கீழைக்கரைத் துறைகளும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனக் கடலோரமாகத் தொடரும் முஸ்லிம் ஊர்கள், 1961ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டம் தனியே பிரிக்கப்படும் வரை மட்டக்களப்பு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. நெல்வயலும் மீன்பிடியும் மிகுந்த இக்கரை, பதினேழாம் நூற்றாண்டில் கண்டியரசின் உயிர்நாடியாக விளங்கிற்று.

மேற்குக் கரையைப் போர்த்துக்கேயர் கைப்பற்றிய பின்னர், மலைநாட்டிலிருந்த கண்டிக்கு வெளியுலகத் தொடர்பளித்த வாயில்கள் கீழைத் துறைகளே. 1602ஆம் ஆண்டில் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டிக்குச் சென்றபோது, மன்னன் விமலதருமசூரியன் அவனைச் சிறப்புடன் வரவேற்றான். ஐரோப்பியர் விரும்பிய கறுவாவும் மிளகும் மன்னனிடம் இருந்தன. மன்னனுக்கு வேண்டிய போர்க்கப்பல்கள் ஒல்லாந்தரிடம் இருந்தன.

1626ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப்பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். மன்னன் செனரத் அவர்களுக்குப் புகலிடம் அளித்தான். ஏறத்தாழ 4,000 பேர் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றப்பட்டனர் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் எழுதியுள்ளார். இஃது இரக்கத்தால் மட்டும் விளைந்த செயலன்று. அரசியல் நுட்பமும் இதில் உண்டு. வணிகம் அறிந்த குடிகள் கரையில் இருந்தால் மலைநாட்டுக்கு உப்பும் கருவாடும் துணியும் தடையின்றிச் செல்லும். முஸ்லிம்களின் தவள மாடுகள் இப்பொருள்களை மலையேற்றி, பாக்கைக் கொண்டு இறங்கின. இவ்வாயில்களை அடைக்கவே போர்த்துக்கேயர் திருகோணமலையிலும், 1628இல் மட்டக்களப்பிலும் கோட்டை கட்டினர்.

1638ஆம் ஆண்டு மே மாதத்தில் இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தரின் துணையுடன் மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றி, அங்கேயே அவர்களுடன் உடன்படிக்கை செய்தான். மீட்கப்படும் கோட்டைகளில் மன்னன் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்தப் படை தங்கலாம் என்பது மன்னனிடமிருந்த படியில் காணப்பட்டது. ஒல்லாந்தப் படியிலோ அவ்விருப்பம் பற்றிய சொற்கள் இல்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை எனச் சிங்கள மக்கள் இதனைப் பழமொழியாக்கினர்.

1658இல் போர்த்துக்கேயர் அகன்றனர். ஒரு வல்லரசுக்கு எதிரே மற்றொன்றை நிறுத்தக் கண்டிக்கு இருந்த வாய்ப்பும் அவர்களுடனேயே அகன்றது. 1668இல் மட்டக்களப்பு மீண்டும் ஒல்லாந்தர் வசமாயிற்று. 1762இல் சென்னையிலிருந்து ஆங்கிலத் தூதர் பைபஸ் கண்டிக்கு வந்தார்; உடன்படிக்கை எதுவும் கைகூடவில்லை. 1766இல் தோல்வியுற்ற கண்டி, தீவின் கரை முழுவதையும் ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுத்தது. அதன்பின் உப்புக்கும் பிறர் கையையே அது எதிர்பார்க்க வேண்டியதாயிற்று.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமானது. ஆயினும், தன் துறைகளை இழந்த நாளில், அதாவது அதற்கு 49 ஆண்டுகளுக்கு முன்னரே, வல்லரசுகளுடன் பேரம் பேசும் ஆற்றலை அது இழந்துவிட்டது.