சுரங்கத்தின் அகலம்: பாரிஸ் மெட்ரோவும் நகரத்தின் சுவர்களும்

1

ஒரு சுரங்கத்தை எவ்வளவு அகலமாகத் தோண்டுவது? அது இன்ஜினியர்கள் போட வேண்டிய கணக்கு, நமக்கென்ன என்றுதான் பொதுப்புத்தி சொல்லும். பாரிஸ் மெட்ரோவின் வரலாற்றைப் படிக்கும்போது இது அப்படியொன்றும் அப்பாவிக் கணக்கல்ல என்று தெரிகிறது. மெட்ரோ பெட்டியின் அகலம் 2.40 மீட்டர். பிரெஞ்சு ரயில்வேயின் சாதாரணப் பெட்டி இதைவிட அகலமானது. இரண்டுக்கும் தண்டவாள இடைவெளி ஒன்றுதான். ஆனாலும் அந்தப் பெட்டி இந்தச் சுரங்கத்துக்குள் நுழைய முடியாது. நுழையக் கூடாது என்பதற்காகவே இப்படித் தோண்டினார்கள்.

இன்று அதே பாரிசைச் சுற்றி ஏறக்குறைய 200 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய மெட்ரோ தடங்கள் போடப்படுகின்றன. 68 நிலையங்கள், தடங்களில் பெரும்பகுதி நிலத்துக்கடியில். ‘கிராண்ட் பாரிஸ் எக்ஸ்பிரஸ்’ என்று இதற்குப் பெயர். ஐரோப்பாவில் இப்போது நடக்கும் மிகப் பெரிய மெட்ரோ வேலைகளில் ஒன்று. புறநகரை நகரத்தோடு இணைக்கிறோம் என்பது இதைச் சுற்றிக் கட்டப்பட்டுள்ள சொல்லாடல். நல்லது, இணைக்கட்டும். ஆனால் இணைக்கிறோம் என்று சொல்கிறபோதே முன்பு பிரித்திருந்தோம் என்பதும் சேர்ந்துதானே வருகிறது? பிரித்தது யார், எதைக் கொண்டு பிரித்தார்கள் என்கிற கேள்வியைக் கேட்காமல் இந்த இணைப்பைப் புரிந்துகொள்ள முடியாது.

2

பாரிஸ் சுவர்களால் ஆன நகரம். 1780களில் ஒரு சுவர் எழுப்பினார்கள். எதிரிகளைத் தடுக்க அல்ல, வரி வசூலிக்க. நகருக்குள் வரும் ஒயின், விறகு, தானியம் எல்லாவற்றுக்கும் அதன் வாயில்களில் சுங்கம். வெளியில் குடித்தால் ஒயின் மலிவு, உள்ளே விலை அதிகம். 1840களில் அதற்கு வெளியே இன்னொரு சுவர் வந்தது. இது ராணுவக் கோட்டைச்சுவர். இரண்டு சுவர்களுக்கும் இடையில் கிடந்த பெல்வீல், மோன்மார்த்ர், லா ஷப்பேல் போன்ற ஊர்களை 1860இல் நகரத்தோடு சேர்த்துக்கொண்டு உட்சுவரை இடித்தார்கள். ஓஸ்மான் நடுநகரை இடித்து அகன்ற வீதிகள் போட்ட காலம் அது. அங்கிருந்து விரட்டப்பட்ட உழைக்கும் மக்கள் இந்த ஓரங்களுக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். 1871இல் பாரிஸ் கம்யூனின் கடைசித் தடுப்பரண்கள் பெல்வீல் பகுதியில் இருந்தது தற்செயல் அல்ல.

லண்டனில் 1863இலேயே நிலத்தடி ரயில் ஓடியது. புடாபெஸ்டில் 1896இல். பாரிசில் ஏன் 1900 வரை இழுத்தது? தொழில்நுட்பம் தெரியாமல் அல்ல. யாருக்கான ரயில் என்பதில் தகராறு. நகரைச் சுற்றி நிற்கும் பெரிய ரயில் நிலையங்களை நிலத்தடியில் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும் என்பது அரசின் விருப்பம், தனியார் ரயில் கம்பெனிகளின் விருப்பமும் அதுவே. நகராட்சி மன்றமோ இது நகரவாசிகளுக்கான உள்ளூர் ரயில், கம்பெனிகள் இதற்குள் கால் வைக்கக் கூடாது என்றது. மன்றத்தில் தீவிரக் குடியரசுவாதிகளும் சோசலிஸ்டுகளும் வலுவாக இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுபறி. கடைசியில் 1895இல் அரசு இறங்கி வந்தது. 1898 மார்ச்சில் சட்டம் நிறைவேறியது.

நகராட்சி முதலில் 1 மீட்டர் தண்டவாள இடைவெளியும் 1.90 மீட்டர் அகலப் பெட்டியும் போதும் என்றது. நாடாளுமன்றம் அதை ஏற்காமல் பொது ரயில்வேயின் தண்டவாள இடைவெளியைத் திணித்தது. சரி, தண்டவாளம் உங்களுடையதாக இருக்கட்டும், சுரங்கம் எங்களுடையது என்று நகராட்சி பெட்டியின் அகலத்தை 2.40இல் நிறுத்திக்கொண்டது. ரயில்வே இடப்பக்கம் ஓடினால் மெட்ரோ வலப்பக்கம் ஓடியது. இவ்வளவுதான், கதவு சாத்தப்பட்டாயிற்று.

இங்கே ஒரு சிக்கலை நாம் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். கம்பெனிகளின் கையில் நகரத்தைக் கொடுக்காதே என்பது முற்போக்கான கோரிக்கை. நாம் அன்று அங்கே இருந்திருந்தால் நகராட்சியின் பக்கம்தான் நின்றிருப்போம். ஆனால் அந்தக் கோரிக்கையைச் சாதிக்கத் தோண்டிய குறுகலான சுரங்கம் கம்பெனிகளை மட்டும் வெளியே நிறுத்தவில்லை, கோட்டைச்சுவருக்கு வெளியே வாழ்ந்த மக்களையும் சேர்த்தே நிறுத்தியது. ‘மக்கள்’ என்று சொன்னபோது அவர்கள் மனதில் இருந்தது நகர எல்லைக்குள் வாக்குரிமை உள்ளவர்கள் மட்டுமே. 1900இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ நகர எல்லையைத் தாண்டிப் புறநகரில் கால் வைத்தது 1934இல்தான். இடையில் கோட்டைச்சுவரையே இடித்துவிட்டார்கள். மேலே சுவர் போன பிறகும் கீழே இருந்தது.

3

1900 ஜூலை 19 அன்று, உலகக் கண்காட்சியும் ஒலிம்பிக் போட்டியும் நடந்துகொண்டிருந்த கோடையில் முதல் தடம் திறக்கப்பட்டது. கட்டியவர் ஃபுல்ஜான்ஸ் பியான்வெனு, பிரெத்தோன் இன்ஜினியர், ரயில்வே வேலையில் ஒரு கையை இழந்தவர். சுரங்கமும் மேம்பாலமும் நகராட்சியின் பொறுப்பு. ரயில் ஓட்டும் உரிமை பெல்ஜிய முதலாளி எதுவார் ஆம்பேன் கட்டிய கம்பெனிக்கு. இதே ஆம்பேன்தான் 1902இல் காங்கோவில் ரயில் போடவும் கம்பெனி தொடங்கினார். பாரிஸ் தொழிலாளி வேலைக்குப் போகும் ரயிலும் காங்கோவின் செல்வத்தை வெளியே கொண்டுவரும் ரயிலும் ஒரே முதலாளியின் இரண்டு வரவுகள்.

முதல் வகுப்புக்கு 25 சாந்தீம், இரண்டாம் வகுப்புக்கு 15. காலை 9 மணிக்கு முன் வாங்கினால் போகவர 20 சாந்தீம். இது தொழிலாளிக்கான சலுகை. சமத்துவம் என்று கட்டடத்துக்குக் கட்டடம் எழுதி வைத்திருக்கும் நாட்டில் மெட்ரோவின் முதல் வகுப்பு ஒழிக்கப்பட்டது எப்போது தெரியுமா? 1991இல்.

1903 ஆகஸ்ட் 10 அன்று 2ஆம் தடத்தில் தீப்பிடித்தது. மரப்பெட்டிகள். பின்னால் வந்த ரயில் குரோன் நிலையத்தில் நின்றது. இறங்கி வெளியேறுங்கள் என்றார்கள். டிக்கெட் காசைத் திருப்பிக் கொடு, அப்புறம் போகிறோம் என்று பயணிகளில் பலர் நின்றார்கள். அதற்குள் புகை வந்துவிட்டது, விளக்கும் அணைந்துவிட்டது. அந்தத் தீ விபத்தில் 84 பேர் செத்தார்கள். பதினைந்து சாந்தீமுக்காக உயிரை விட்டார்கள் என்று கேலியாகச் சொல்வது சுலபம். அந்தக் காசு யாருக்குப் பெரிய காசு என்று கேட்டால் கேலி நின்றுவிடும்.

நிலத்தடி என்பது ஆட்களைத் தரம் பிரிக்கவும் மடக்கவும் தோதான இடம் என்பதை அதிகாரம் சீக்கிரமே கண்டுகொண்டது. 1942இல், நாஜி ஆக்கிரமிப்பின்போது, யூதர்கள் மெட்ரோவின் கடைசிப் பெட்டியில் மட்டுமே ஏறலாம் என்று உத்தரவு வந்தது. 1961 அக்டோபரில் அல்ஜீரியர்களுக்கு மட்டும் இரவு ஊரடங்கு விதிக்கப்பட்டது. இதை எதிர்த்து அக்டோபர் 17 அன்று புறநகர்ச் சேரிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் குடும்பத்தோடு நகருக்குள் வந்தார்கள். மெட்ரோவில் வந்தவர்களை நிலைய வாசலிலேயே மடக்கினார்கள். கைகளைத் தலையில் வைத்து வரிசையாக நிற்க வைக்கப்பட்ட ஆண்களின் படங்கள் இன்றும் இருக்கின்றன. அன்றிரவு 11,000 பேருக்கு மேல் கைது. அடித்துக் கொல்லப்பட்டவர்கள் உண்டு, சேன் நதியில் வீசப்பட்டவர்கள் உண்டு. சாவு எண்ணிக்கை இன்றுவரை சர்ச்சையில் இருக்கிறது. கைதானவர்களை ஏற்றிச் சென்றது பாரிஸ் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்கள். போலீஸ் தலைவர் மொரீஸ் பப்போன், ஆக்கிரமிப்புக் காலத்தில் யூதர்களை நாடுகடத்த உடந்தையாக இருந்ததற்காக 1998இல் தண்டிக்கப்பட்டவர். இரண்டு வரலாறுகளும் ஒரே கையெழுத்தில் எழுதப்பட்டவை.

4

போருக்குப் பிறகு புறநகர்களில் பெரும் அடுக்ககக் குடியிருப்புகள் எழுந்தன. நகரின் நடுவில் வாடகை கட்டுப்படியாகாதவர்கள் அங்கே போனார்கள், காலனிகளிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் போனார்கள். 1973இல் பழைய கோட்டைச்சுவர் இருந்த வழியிலேயே நகரைச் சுற்றி அதிவேகச் சாலை முழுமையடைந்தது. கல்லுக்குப் பதிலாகக் கார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். 1977இல் அகலச் சுரங்கங்களில் ஓடும் ஆர்.இ.ஆர். ரயில் புறநகரை நடுநகரத்தோடு இணைத்தது. நகராட்சி சாத்திய கதவு திறந்துவிட்டதாகத் தோன்றலாம். ஆனால் இந்தத் தடங்கள் எல்லாம் சக்கரத்தின் ஆரங்கள் போல நடுவை நோக்கியே ஓடின. ஒரு புறநகரிலிருந்து பக்கத்துப் புறநகருக்கு ரயிலில் போக வேண்டுமானால் நடுநகருக்குள் போய்விட்டுத் திரும்பி வர வேண்டும். வேலைக்குக் கூப்பிடுவதற்கு வழி உண்டு, அண்டை வீட்டுக்காரர்கள் சந்தித்துக்கொள்வதற்கு இல்லை.

ஃபனோனின் நூலை வெளியிட்ட பதிப்பாளர் பிரான்சுவா மஸ்பெரோ 1989இல் ஒரு காரியம் செய்தார். ஆர்.இ.ஆர். ‘பி’ தடத்தில் ஒவ்வொரு நிலையமாக இறங்கி, அங்கேயே தங்கி, மக்களைப் பார்த்துப் பேசிக்கொண்டு ஒரு மாதம் பயணம் செய்தார். கூட வந்தவர் புகைப்படக்காரர் அனாயிக் ஃபிரான்ஸ். 1990இல் அது புத்தகமாயிற்று. தன் நகரத்துப் புறநகரைப் பார்க்க ஒரு எழுத்தாளர் வெளிநாட்டுப் பயணம் போவதுபோல மூட்டை கட்ட வேண்டியிருந்தது என்பதுதான் அதில் நமக்கான செய்தி.

நகரத்தின் மீதான உரிமை என்று 1968இல் எழுதிய ஆன்ரி லெஃபெவ்ர் அப்போது நான்தேர் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அந்த வளாகத்தை ஒட்டித்தான் அல்ஜீரியத் தொழிலாளர்களின் சேரி இருந்தது. உரிமை என்பதை நகரத்துக்குள் வந்துபோகிற உரிமையாக மட்டும் அவர் பார்க்கவில்லை, நகரத்தை உருவாக்குவதில் பங்குகொள்ளும் உரிமையாகப் பார்த்தார். 2005 அக்டோபர் 27 அன்று க்ளிஷி-சூ-புவாவில் போலீசுக்குப் பயந்து மின்நிலையத்துக்குள் ஒளிந்த இரண்டு சிறுவர்கள் மின்சாரம் தாக்கிச் செத்தார்கள். நாடெங்கும் புறநகர்கள் மூன்று வாரம் எரிந்தன. பாரிசிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் அந்த ஊருக்கு அன்று சொந்தமாக ஒரு ரயில் நிலையம் கிடையாது.

5

புதிய மெட்ரோ திட்டத்தின் பிறப்பை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். 2009இல் ஜனாதிபதி சார்க்கோசி முன்வைத்த வரைபடம் விமான நிலையங்களையும் வர்த்தக மையங்களையும் ஆராய்ச்சிப் பூங்காக்களையும் இணைப்பது. பிராந்திய மன்றத்திடம் வேறொரு வரைபடம் இருந்தது. அது ஜனநெருக்கமுள்ள புறநகர்களை இணைப்பது. 2011இல் இரண்டும் சமரசமாகி ஒன்றாயின. இன்று நாம் பார்ப்பது இரண்டு நகரங்களின் கலவை. க்ளிஷி-சூ-புவாவுக்கும் பக்கத்து மோன்ஃபெர்மேய்க்கும் சேர்த்து 16ஆம் தடத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறார்கள். இதைச் சின்ன விஷயமென்று யாரும் தள்ள முடியாது; 2005இல் தெருவில் இறங்கியவர்கள் வாங்கித் தந்தது என்றே சொல்லலாம். அதே திட்டத்தின் 17ஆம் தடம் கோனெஸ் என்னுமிடத்தில் விளைநிலத்தின் நடுவே ஒரு நிலையத்தைத் திட்டமிட்டது. அங்கே வரவிருந்த பிரம்மாண்டமான வணிகக் களியாட்ட வளாகம் மக்கள் எதிர்ப்பால் 2019இல் கைவிடப்பட்டது. நிலையம் மட்டும் திட்டத்தில் தங்கிவிட, 2021 பிப்ரவரியில் போராட்டக்காரர்கள் அந்த வயலில் குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். யாருமே குடியிருக்காத வயலுக்கு மெட்ரோ எதற்கு என்ற அவர்கள் கேள்வி எளிமையானது.

செலவு 3,500 கோடி யூரோவைத் தாண்டும் என்று 2017இலேயே அரசுத் தணிக்கை மன்றம் எச்சரித்தது. திறப்பு நாட்கள் பலமுறை தள்ளிப்போயின. ஆனால் ஓர்லி விமான நிலையத்துக்கும் சான்-தெனிக்கும் 14ஆம் தடத்தின் நீட்டிப்பு 2024 ஜூன் 24 அன்று சரியாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் ஒலிம்பிக் போட்டி. 1900ஐப் போலவே இப்போதும் வெளியூர் விருந்தாளிகளுக்குத்தான் நாள் குறிக்கப்பட்டது.

தோண்டுவது யார்? கட்டுமானத் தளங்களில் காண்ட்ராக்டருக்குக் கீழே காண்ட்ராக்டர், அவருக்குக் கீழே வேலைக்கு ஆள் விடும் ஏஜென்சி. மேற்கு ஆப்பிரிக்கர், வட ஆப்பிரிக்கர், போர்த்துக்கீசியர் எனப் பல ஊர்க்காரர்கள். 2020இலிருந்து 2023க்குள் இந்தத் தளங்களில் தொழிலாளர்கள் செத்திருக்கிறார்கள். ஒருவருக்கு வயது 21தான். நிலையத் திறப்பு விழாவில் கட்டடக் கலைஞரின் பெயர் சொல்லப்படுகிறது, இவர்கள் பெயரைத் தொழிற்சங்கங்கள்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன. பாரிஸ் போக்குவரத்துக் கழகத்தின் நிரந்தர வேலைகளுக்கு 2002 வரை குடியுரிமை நிபந்தனை இருந்தது. பிரெஞ்சுக்காரராக, பிற்காலத்தில் ஐரோப்பியராக இருந்தால்தான் வேலை. சுரங்கம் தோண்ட யாரும் வரலாம், அதில் ரயில் ஓட்டக் கூடாது.

6

வட பாரிசில் 2ஆம் தடம் நிலத்தைவிட்டு வெளியே வந்து இரும்புத் தூண்களின் மேல் ஓடும். அங்கே லா ஷப்பேல் என்றொரு நிலையம். 1980களிலிருந்து போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் கடை போட்ட இடம் அது. புடவைக்கடையும் மளிகைக்கடையும் தமிழ்ப் பலகைகளுமாக அந்தத் தெருக்கள் நமக்குப் பழக்கமானவை. கடை அங்கே, வீடு பலருக்கு லா கூர்நேவ் போன்ற வடக்குப் புறநகர்களில். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும், தலைக்குமேல் ஓடும் அந்தத் தடம் பழைய வரிச்சுவர் நின்ற கோட்டின் மேல்தான் ஓடுகிறது என்று? சுவர் இருந்த இடத்தில் கடைசியாக வந்து சேர்ந்தவர்கள் கடை விரித்திருக்கிறோம்.

புதிய தடங்கள் லா கூர்நேவையும் தொடுகின்றன. பக்கத்து ஊருக்குப் போக நடுநகருக்குள் நுழைந்து திரும்ப வேண்டிய அவஸ்தை குறையும். அலுவலகங்களைத் துடைக்க விடியற்காலை எழுந்து போகிற பெண்ணுக்கு அரைமணி நேரத் தூக்கம் மிச்சமாகலாம். அந்த அரைமணி நேரம் பெரிய விஷயம். ஆகவே மெட்ரோ வேண்டாம் என்று நாம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நிலையம் வந்தால் மனை விலை ஏறும், வாடகையும் ஏறும். அவள் இன்னும் வெளியே, அடுத்த தடம் போடாத ஊருக்குத் தள்ளப்பட்டால் அந்த அரைமணி நேரம் யார் கணக்கில் சேரும்?

1898இல் கம்பெனிகளைத் தடுத்தவர்கள் மக்கள் என்ற சொல்லுக்குள் யாரெல்லாம் வருவார்கள் என்று எண்ணிப் பார்க்கவில்லை. அதை எண்ணிப் பார்க்கிற வேலை இப்போது வாடகைச் சீட்டிலும் வேலை ஒப்பந்தத்திலும் டிக்கெட் விலையிலும் கிடக்கிறது. சுரங்கத்தின் அகலத்தை இனி அங்கேதான் அளக்க வேண்டும்.