இருவர் ஆடிய ஆட்டம்

டில்லியிலும் ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் குடியேறி வாழும் தமிழன்பர்கள், மாலை வேளையில் குடியிருப்பு முற்றங்களில் வலை கட்டி இறகுப்பந்து ஆடும் காட்சியைப் பலமுறை கண்டிருப்பார்கள். நம் ஊர்களில் மஞ்சள் நிறக் கம்பளிப் பந்தைக் கொண்டு ஐவர் ஐவராக நின்று ஆடும் பூப்பந்து வேறு, இது வேறு. பதினாறு இறகுகள் செருகிய, ஏறக்குறைய ஐந்து கிராம் எடையே உள்ள பந்து இது. முற்றத்தில் பெரும்பாலும் இருவருக்கு இருவராகவே ஆட்டம் நடக்கும். இடமோ ஒன்று, ஆட விரும்புவோரோ பலர். ஆயினும், புகழ் என்று வரும்போது நம் நாடு நெடுங்காலம் தனித்து ஆடுபவரையே கொண்டாடியது. 1980 இல் அகில இங்கிலாந்துப் போட்டியில் வென்ற பிரகாஷ் படுகோனே, 2001 இல் அதே போட்டியில் வென்ற கோபிசந்த், பின்னர் சாய்னா, சிந்து என நம் நாவில் வரும் பெயர்கள் யாவும் ஒற்றையர் ஆட்டத்தில் விளங்கியவர்களின் பெயர்களே. இரட்டையர் ஆட்டத்தையே தம் துறையாகக் கொண்டு, அதற்கும் ஒரு மரியாதை உண்டு என்று நிலைநாட்டிய பெண்மணி ஜுவாலா குட்டா.

1983 ஆம் ஆண்டு வார்தாவில், தெலுங்குத் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் மகளாகப் பிறந்தவர் இவர். ஹைதராபாத்தில் எஸ். எம். ஆரிஃப் என்னும் புகழ்பெற்ற ஆசானிடம் பயின்றார். பதினேழாம் வயதில் தேசிய இளையோர் பட்டத்தை வென்றார். ஒற்றையர் ஆட்டத்தில் முன்னேற வழி இருந்தும், இரட்டையர் ஆட்டத்தையே தேர்ந்துகொண்டார். சுருதி குரியனுடன் இணைந்து 2002 முதல் 2008 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து தேசியப் பட்டத்தைத் தம்மிடமே வைத்திருந்தார். கலப்பு இரட்டையரில் வி. டிஜுவும் அவருடைய துணைவராக விளங்கினார்.

இரட்டையர் ஆட்டத்தின் நுட்பம் தனி. ஒற்றையர் ஆட்டத்தில் களத்தின் அகலம் 17 அடி. இரட்டையரில் 20 அடி. தாக்கும்போது ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக நிற்க வேண்டும். தடுக்கும்போது பக்கத்தில் பக்கமாக விலகிக்கொள்ள வேண்டும். இந்த மாற்றம் சொல்லாமலே, கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ வேண்டும். இருவருக்கும் நடுவே வரும் பந்தை யார் எடுப்பது என்ற ஐயம் ஒரு நொடி எழுந்தாலும் புள்ளி போய்விடும். ஜுவாலா இடக்கைக்காரர். அவருடன் பின்னர் இணைந்த அசுவினி பொன்னப்பா வலக்கைக்காரர்; குடகுக் குடும்பத்தில் வந்து பெங்களூரில் வளர்ந்தவர். ஜுவாலா வலையருகே நின்று நுணுக்கமாக விளையாடுவார். அசுவினி பின்னிருந்து ஓங்கி அடிப்பார். எதிரிகள் இருவகைக் கைக்கும் கணக்குப் போட்டே ஆட வேண்டியிருந்தது.

2010 அக்டோபர் 14, டில்லிக் காமன்வெல்த் விளையாட்டின் கடைசி நாள். சிரி ஃபோர்ட் அரங்கில் சிங்கப்பூர் இணையை 21-16, 21-19 என்ற கணக்கில் வென்று இருவரும் தங்கம் பெற்றனர். அதே நாளில் சாய்னாவும் தங்கம் வென்றார். அவ்விழாவில் இந்தியா பெற்ற தங்கம் 38. இங்கிலாந்து பெற்றது 37. நாடு இரண்டாம் இடம் பெற்ற செய்தியில் சாய்னாவின் தங்கம் எல்லார் நினைவிலும் நின்றது. ஆனால் இவ்விருவரின் தங்கம் இல்லையேல் இங்கிலாந்தை நாம் முந்தியிருக்க முடியாது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மறு ஆண்டு, 2011 இல், லண்டன் வெம்பிளி அரங்கில் உலகப் போட்டி நடந்தது. கால் இறுதியில் இந்தோனேசிய இணையிடம் முதல் ஆட்டத்தை இழந்தும், அடுத்த இரண்டையும் வென்றனர். அரை இறுதியில் சீன இணையிடம் தோற்று வெண்கலம் பெற்றனர். 1983 இல் படுகோனே பெற்ற வெண்கலத்துக்குப் பின் இந்தியாவுக்கு உலகப் போட்டியில் கிடைத்த பதக்கம் இது. இந்தியப் பெண்கள் பெற்றவற்றுள் முதலாவதும் இதுவே. சிந்துவின் முதல் உலகப் பதக்கம் வந்தது இரண்டு ஆண்டுகள் கழித்து, 2013 இல்.

அதே வெம்பிளி அரங்கில்தான் 2012 ஒலிம்பிக் ஆட்டங்களும் நடந்தன. ஓர் ஒலிம்பிக்கில் இறகுப்பந்தின் இரு பிரிவுகளில் ஆடத் தகுதி பெற்ற முதல் இந்தியர் ஜுவாலா. மகளிர் இரட்டையரில் நான்கு இணைகள் ஒரு பிரிவில் மோதின. நம்மவர் ஜப்பானிடம் தோற்றனர். சீன தைபேயை 25-23, 16-21, 21-18 என்றும், சிங்கப்பூரை 21-16, 21-15 என்றும் வென்றனர். ஜப்பானும் தைபேயும் கூட இரண்டு வெற்றிகள் பெற்றிருந்தன. மூன்று இணைகளில் இரண்டே மேலே செல்லலாம். வென்ற ஆட்டங்களின் கணக்கில் தைபே முந்தியது. இந்தியாவும் ஜப்பானும் சமமாக நின்றன. முடிவில் புள்ளிகளை எண்ணிப் பார்த்தபோது ஜப்பானின் மிச்சம் நான்கு, இந்தியாவின் மிச்சம் மூன்று! ஒரே ஒரு புள்ளியில் கால் இறுதி கைநழுவிற்று. அந்த ஜப்பானிய இணையே பின்னர் வெள்ளிப் பதக்கம் பெற்றது. ஜப்பான் தைபேயிடம் தோற்ற ஆட்டத்தைக் குறித்து இந்தியத் தரப்பு முறையிட்டது, முறையீடு தள்ளப்பட்டது. அதே போட்டியில், வெல்ல முயலாமல் ஆடியதற்காக வேறு நான்கு இணைகள் நீக்கப்பட்டதும் வரலாறு.

களத்துக்கு வெளியே வந்த சோதனை இதனினும் கடியது. 2013 இல் புதிதாகத் தொடங்கிய இந்திய இறகுப்பந்து லீக்கில் மகளிர் இரட்டையர் ஆட்டமே கைவிடப்பட்டது. அதனால் ஜுவாலா, அசுவினி இருவரின் அடிப்படை விலையும் 50,000 டாலரிலிருந்து பாதியாகக் குறைக்கப்பட்டது. உலகப் பதக்கம் பெற்றவர்களுக்கு ஆடுவதற்குரிய ஆட்டமே இல்லை! அதே லீக்கில் எழுந்த ஒரு தகராற்றை ஒட்டி, ஜுவாலாவுக்கு ஆயுள் தடை விதிக்கச் சங்கத்தின் ஒழுங்குக் குழு பரிந்துரைத்தது. டில்லி உயர் நீதிமன்றத்தின் இடைக்கால ஆணை பெற்று அவர் மீண்டும் களம் இறங்கினார்.

இருவரும் மறுபடி இணைந்தனர். 2014 இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெள்ளி. அவ்வாண்டே டில்லியில் ஊபர் கோப்பையில் இந்திய மகளிர் அணி பெற்ற வெண்கலத்திலும் அவர்கள் பங்கு இருந்தது. 2015 இல் கால்கரியில் நெதர்லாந்து இணையை வென்று கனடா ஓப்பன் பட்டம் பெற்றனர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அதே நெதர்லாந்து இணை பழி தீர்த்துக்கொண்டது. மூன்று ஆட்டங்களிலும் தோற்று இருவரும் திரும்பினர். அசுவினி பின்னர் சிக்கி ரெட்டியுடன் 2018 காமன்வெல்த் வெண்கலமும் பெற்று, தனிஷா கிராஸ்டோவுடன் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை ஆடினார். ஜுவாலா ஹைதராபாத்தின் அருகே ஒரு பயிற்சிக்கூடம் நிறுவினார்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. சாத்விக் சாய்ராஜும் சிராக் ஷெட்டியும் 2023 ஆசிய விளையாட்டில் ஆடவர் இரட்டையர் தங்கம் வென்றனர். டிரீசா ஜாலியும் காயத்ரி கோபிசந்தும் 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் அகில இங்கிலாந்துப் போட்டியின் அரை இறுதி வரை சென்றனர். கோபிசந்தின் மகளே இரட்டையர் ஆட்டத்தைத் தம் துறையாகக் கொண்டிருக்கிறார் என்பது கருதத்தக்கது. எனினும், 2025 உலகப் போட்டி முடிய, மகளிர் இரட்டையரில் இந்தியா பெற்ற உலகப் பதக்கம் வெம்பிளியில் கிடைத்த அந்த ஒன்றுதான்.

தனித்து நின்று வென்றவரைப் போற்றுவது எளிது. வெற்றியைப் பாதியாகப் பகிர்ந்துகொண்டவரின் உழைப்பு பாதி அன்று. அடுத்த முறை உங்கள் குடியிருப்பு முற்றத்தில் நான்கு குழந்தைகள் வலையின் இருபுறமும் நின்று ஆடுவதைக் காணும்போது, வலையருகே தாழ நின்று துணைவிக்கு வழிவிடும் சிறுமியையும் சற்றுக் கவனியுங்கள்.