நேரங்கணிப்பி தூண்டும் நேரடி நினைவக அணுகல்

நேரடி நினைவக அணுகல் (டிஎம்ஏ) என்பது, செயலி ஒவ்வொரு தரவையும் தானே எடுத்து வைக்காமல், தனிக் கட்டுப்படுத்தி ஒன்று தரவை நகர்த்தும் முறையாகும். 1950களின் இறுதியில் வந்த ஐபிஎம் 709 கணினியின் தரவுத் தடங்கள் இதன் முன்னோடிகளுள் ஒன்று.

இந்நகர்வை நேரங்கணிப்பியே (டைமர்) தூண்டியதற்கு நல்ல எடுத்துக்காட்டு, 1981இல் வெளிவந்த ஐபிஎம் தனிநபர் கணினி. அதன் டைனமிக் ராம் சில்லுகள் ஒவ்வொரு பிட்டையும் மிகச் சிறிய மின்தேக்கியில் மின்னூட்டமாக வைத்திருந்தன. மின்னூட்டம் கசியும் என்பதால் 128 வரிசைகளையும் 2 மில்லிநொடிக்குள் படித்துப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் தரவு அழியக்கூடும்.

இன்டெல் 8253 நேரங்கணிப்பியின் ஓர் எண்ணி, சுமார் 15 மைக்ரோநொடிக்கு ஒருமுறை 8237 டிஎம்ஏ கட்டுப்படுத்தியைத் தூண்டியது. அது ஒவ்வொரு முறையும் அடுத்த முகவரியைப் படித்தது. 128 முறை படிக்க ஏறத்தாழ 1,930 மைக்ரோநொடி. கெடுவுக்குள் வேலை முடிந்தது. படித்த தரவு எங்கும் பயன்படவில்லை, படிப்பதே புதுப்பித்தல். தொடக்க அமைப்புக்குப் பின் 8088 செயலி இதற்கென ஓர் ஆணையையும் நிறைவேற்றவில்லை. நினைவகம் தேவைப்பட்டபோது மட்டும் சற்றுக் காத்திருந்தது.

அன்று தனித்தனிச் சில்லுகளாக இருந்தவை, 2007இல் அறிமுகமான எஸ்டிஎம்32 போன்ற நுண்கட்டுப்படுத்திகளில் ஒரே சில்லுக்குள் அடங்கின. நொடிக்கு 8,000 மாதிரிகள் கொண்ட ஒலியை வெளியிட, 125 மைக்ரோநொடிக்கு ஒரு மதிப்பு தேவை. செயலி வேறு பணியில் தாமதித்தால் ஒலி சிதையும். நேரங்கணிப்பி தூண்ட, டிஎம்ஏ அடுத்த மதிப்பை வெளியீட்டுப் பதிவகத்தில் இடுவதால் அத்தாமதம் ஒலியைப் பாதிப்பதில்லை.